15,349 கிலோமீட்டரும் ஒரு நூல்கண்டும்: வாசகர் கேள்வி – பதில்

முப்பத்தோரு வருடம் டிஸ்பாட்ச் அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். விமானம் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவர் எந்த வழியாகப் போக வேண்டும், எத்தனை டன் எரிபொருள் ஏற்ற வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் மூடுபனி என்றால் வேறு எங்கே இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. விமானத் தூரம், பயண நேரம் பற்றி வந்த கடிதங்களை ஆசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். பாதிக் கடிதங்களில் ஒரே குறை: தூரத்தை வேகத்தால் வகுத்தால் டிக்கெட்டில் இருக்கிற நேரம் வரமாட்டேன் என்கிறது.

பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது மாட்டிக்கொண்டேன். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே 15,349 கி.மீ. என்று போட்டிருக்கிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் பயணம் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் என்கிறார்கள். மீதி ஒன்றரை மணி நேரம் எங்கே? – ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்

ஐயா, உங்கள் வகுத்தலில் தப்பில்லை. நீங்கள் வகுக்க எடுத்துக்கொண்ட தூரத்தை எந்த விமானமும் பறப்பதில்லை.

முதலில் அந்த 15,349 எப்படி வந்தது என்று பேரனுக்குக் காட்டுங்கள், அழகான கணக்கு. சாங்கி விமான நிலையம் தீர்க்கரேகை 104 டிகிரி கிழக்கில் இருக்கிறது. ஜே.எஃப்.கே. விமான நிலையம் 74 டிகிரி மேற்கில். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது உலக உருண்டையில் ஒன்றுக்கு ஏறக்குறைய நேர் பின்பக்கம் மற்றது. அப்படி இருந்தால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு 1.36 டிகிரி வடக்கே இருப்பதால் அங்கிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி. துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.36 டிகிரி. மொத்தம் 138. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 15,346 வரும். கால்குலேட்டர்கூட வேண்டாம், ஒரு தாள் போதும். மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம், பூமி முழு உருண்டை இல்லை என்பதும் நாம் கொஞ்சம் முழுமைப்படுத்திக்கொண்டோம் என்பதும்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்குப் பக்கத்திலிருக்கும் நெவார்க்குக்கு இடைநில்லா சேவையைத் தொடங்கியபோது, பறக்கப்போகும் தூரம் சுமார் 16,700 கி.மீ. என்று அறிவித்தார்கள். குறுகிய வழியைவிட 1,300 கி.மீ.க்கும் மேல் கூடுதல். நியூயார்க் போகும்போது பெரும்பாலும் துருவத்தை விட்டுவிட்டு, பசிபிக் கடல் மேலே கிழக்கு நோக்கிப் பறக்கிறார்கள். ஏன் வேண்டுமென்றே சுற்ற வேண்டும் என்பதைப் பின்னால் வரும் டெல்லிக் கேள்வியில் சொல்கிறேன், அங்கேதான் அது ருசிக்கும்.

அடுத்தது, உங்கள் 900. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். பெரிய ஜெட் விமானங்கள் அதில் 85 சதவீத வேகத்தில் போகும். அதுதான் 900. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்தான், மணிக்கு சுமார் 460 கி.மீ. ஓடுபாதை மேற்கே பார்த்திருந்தால், கிழக்கே போகவேண்டிய விமானமும் மேற்கே கிளம்பித்தான் திரும்ப வேண்டும். போய்ச் சேரும் இடத்திலும் இதே கதை.

கடைசியாக, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே அல்ல. நாங்கள் அதை ‘பிளாக் டைம்’ என்போம். கதவைச் சாத்தி விமானத்தைப் பின்னால் தள்ள ஆரம்பித்த நொடியிலிருந்து, போன இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறவரை. நெரிசலான விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவே அரை மணி நேரம் ஆகும். அதற்கும் மேலே, தாமதமானால் சமாளிக்கக் கம்பெனிகள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே போட்டுவைக்கும். ‘இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்று அறிவிப்பு வரும்போது கைதட்டுகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். அந்த இருபது நிமிடத்தை அட்டவணையில் செருகியது எங்களைப் போன்ற ஒருவர்தான்.

இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் விமானம் வில் போல வளைந்து போகிறதே, நேராகப் போனால் என்ன? – முதல் விமானப் பயணம் முடித்த மாணவி

நேராகத்தான் போகிறதம்மா. வளைந்திருப்பது படம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் இதே தப்பைச் செய்தேன். சுவரில் தொங்கிய பெரிய வரைபடத்தில் எஃகு ஸ்கேலை வைத்து, பெய்ஜிங்கிலிருந்து நியூயார்க்குக்கு பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 40 டிகிரி வடக்கு. கோடு பசிபிக்கைத் தாண்டி, அமெரிக்காவின் நடுவே படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. பார்க்க நேர்த்தியாக இருந்தது. எங்கள் சீனியர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அலமாரி மேலிருந்த உலக உருண்டையை இறக்கினார். பல பேர் விரல் பட்டுப் பட்டு அதில் பசிபிக் கடலே வெளுத்துப் போயிருக்கும். சட்டைப் பொத்தான் தைக்கிற நூலில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை பெய்ஜிங்கில் என் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார். மறுமுனையை நியூயார்க்கில் வைத்து அவர் இழுத்தார். தொய்வாக இருந்தவரை நூல் பசிபிக் மேலே கிடந்தது. இறுக்க இறுக்க அது தானாகவே வடக்கே நழுவி, சைபீரியாவைத் தாண்டி, துருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. யாரும் தள்ளவில்லை.

அந்த நூல்தான் பெருவட்டப் பாதை. கணக்காகச் சொன்னால், 40 டிகிரி கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் சுமார் 14,300 கி.மீ. நூல் வழியாகப் போனால் சுமார் 11,000. என் அழகான பென்சில் கோட்டின் விலை 3,300 கி.மீ.!

குற்றம் 1569-ல் மெர்கேட்டர் வரைந்த வகை வரைபடத்தின் மேல். மாலுமிக்கு திசைகாட்டியைப் பார்த்துக் கோடு போட அது அருமையான படம். ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் ஊதிக் காட்டும். ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கு இருக்கிற கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்கா அளவுக்கு நிற்கும். ஊதிப்போன இடத்தில் நேர்க்கோடு வில்லாகத்தான் தெரியும்.

இரண்டு ஊர்களும் அவ்வளவு விலகி இல்லையென்றால் லாபமும் சின்னது. மாட்ரிட்டும் நியூயார்க்கும்கூட ஒரே அட்சரேகைதான். அங்கே நூல் வழி மிச்சப்படுத்துவது 175 கி.மீ. போல. நிலநடுக்கோட்டின் மேலேயே இரண்டு ஊர்கள் இருந்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை. அங்கே மட்டும் ஸ்கேலும் நூலும் ஒன்று.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அப்படியென்றால் மேற்கே பறக்கிற விமானத்துக்கு ஊர் தானாகவே எதிரே வர வேண்டாமா? நடப்பது தலைகீழாக அல்லவா இருக்கிறது? – ‘சந்தேகப் பிராணி’

நல்ல பெயர் வைத்துக்கொண்டீர்கள். நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. காற்று பூமியோடு சேர்ந்து சுற்றாமல் சும்மா நின்றிருந்தால் நமக்கு எந்நேரமும் 1,670 கி.மீ. வேகப் புயல்தான். காற்றும் கூடவே சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் மிதக்கிறது. ஓடுகிற ரயிலுக்குள் பந்தை மேலே தூக்கிப் போட்டால் உங்கள் கைக்கே வருகிறதல்லவா, அதுதான்.

ஆனால் நீங்கள் கவனித்தது உண்மை. கிழக்கே போவது சீக்கிரம், மேற்கே வருவது தாமதம். சுழற்சிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, நேரடியாக இல்லை. சூடான நடுப்பகுதிக்கும் குளிர்ந்த துருவப் பகுதிக்கும் உள்ள வெப்ப வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று ஆறுகளை உண்டாக்குகின்றன. ஜெட் ஸ்ட்ரீம் என்பது இதுதான். குளிர்காலத்தில் ஆறு கரை புரளும்.

2020 பிப்ரவரியில் கியாரா புயல் சமயத்தில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போனது. தரையோடு ஒப்பிட்டால் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல். ‘ஒலியை மிஞ்சிவிட்டது’ என்று எழுதினவர்கள் உண்டு. மிஞ்சவில்லை. சுற்றியிருந்த காற்றுக்கு அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, காற்றே ஓடியது. ஒலியை நிஜமாகவே மிஞ்சியது கான்கார்டு. 1996 பிப்ரவரி 7 அன்று அதே வழியை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் கடந்தது.

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டு, 1,400 கி.மீ. அதிகமான பசிபிக் வழியில் ஏர் இந்தியா போனது என்றும், அதனால் இரண்டு மணி நேரம் மிச்சம் என்றும் படித்தேன். அச்சுப்பிழையா? – தபாலில் வந்த கேள்வி

அச்சுப்பிழை இல்லை. என் வாழ்நாள் வேலை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

2016 அக்டோபரில் நடந்தது. அட்லாண்டிக் வழி சுமார் 13,900 கி.மீ. பசிபிக் வழி சுமார் 15,300 கி.மீ. முதல் பசிபிக் பயணத்துக்கு ஆனது பதினான்கரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: தரைக்கணக்கில் மணிக்கு 1,055 கி.மீ. அட்லாண்டிக் வழியில் இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுத்தால் மணிக்கு சுமார் 840தான். இயந்திரத்தின் வேகத்தில் வித்தியாசமில்லை. ஒன்றில் ஆறு முதுகைத் தள்ளுகிறது, மற்றதில் நெஞ்சைத் தள்ளுகிறது.

டிஸ்பாட்ச் அறையில் இரண்டு தூரம் பேசுவோம். ஒன்று தரைத் தூரம், அது வரைபடத்தில் இருப்பது. இன்னொன்று காற்றுத் தூரம், விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு உண்மையில் போகிற தூரம். எரிபொருள் எரிவது இரண்டாவதற்குத்தான். பத்து மணி நேரம் 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் காற்றுத் தூரம் 9,000. பின்னாலிருந்து 100 கி.மீ. காற்று தள்ளினால் தரையில் 10,000 போயிருப்பீர்கள். எதிரே அடித்தால் 8,000. வயிற்றில் எரிந்த எரிபொருள் ஒன்றே. அதனால் எங்களிடம் யாராவது ‘எத்தனை கிலோமீட்டர்?’ என்று கேட்டால் ‘எந்தத் தேதிக்கு?’ என்று திருப்பிக் கேட்போம். வட அட்லாண்டிக் மேலே விமானங்களுக்கான தடங்களையே காற்றைப் பார்த்து தினமும் புதிதாக வரைகிறார்கள். இன்றைய தடம் நாளைக்குக் கிடையாது.

தேதி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1980-களில் ஒரு குளிர்கால ராத்திரி. மேற்கே போகிற நீண்ட பயணத்துக்கு நான் திட்டம் போட்டேன். அன்று வந்த காற்று வரைபடத்தை எடுப்பதற்குப் பதிலாக, அதே மேசையில் கிடந்த முந்தைய நாள் வரைபடத்தை எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே மங்கிய சாம்பல் நிறத் தாள், ஒரே அம்புக்குறிகள். முந்தைய நாள் காற்று சாந்தமாக இருந்தது, அன்று இல்லை. பாதி வழியிலேயே விமானிக்குக் கணக்கு இடித்திருக்கிறது. வழியில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, எரிபொருள் ஏற்றிக்கொண்டு, இரண்டரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். யாருக்கும் ஆபத்தில்லை, கையிருப்பு எரிபொருள் என்று ஒன்று இருப்பது இதற்குத்தான். நான்கு நாள் கழித்து அவர் எங்கள் அறைக்கு வந்தார். ஓரத்தில் துளை போட்ட நீளமான காகிதத்தில் அச்சடித்த என் திட்டத்தை, மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தார். மேல் மூலையில் தேதியைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். வேறு ஒரு சொல் இல்லை. திட்டினாலாவது தூங்கியிருப்பேன்.

சரி, நிறைய எரிபொருளை ஏற்றிக்கொண்டு போனால் என்ன என்பீர்கள். எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். சிங்கப்பூர்–நியூயார்க் போகும் ஏ350-900 யு.எல்.ஆர். விமானத்தின் கொள்ளளவு 1,65,000 லிட்டர். முதல் சில மணி நேரம் அது பயணிகளைச் சுமப்பதைவிடத் தன் எரிபொருளைத்தான் சுமந்துகொண்டு போகிறது.

‘நாட்டிகல் மைல்’ என்று ஏன் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்? கிலோமீட்டர் போதாதா?

அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். கோணம் தெரிந்தால் அறுபதால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். முதல் கேள்வியில் வந்த 138 டிகிரி, 8,280 கடல் மைல். இவ்வளவு சௌகரியத்தை யார் விடுவார்கள்?

உலகத்தில் மிக மிகத் தூரமாக இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்? – ஏழாம் வகுப்பு

தம்பி, பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. எந்தப் பக்கமாகவும் சுற்றலாம் என்பதால் பாதிக்கு மேல் யாரும் யாரைவிட்டும் விலகி இருக்க முடியாது. அதிகபட்சம் 20,000. ஸ்பெயினின் மாட்ரிட்டும் நியூசிலாந்தின் வெலிங்டனும் ஏறக்குறைய அப்படித்தான்: 19,850 கி.மீ. போல. மாட்ரிட்டில் தரையைத் துளைத்து நேரே கீழே போனால் வெலிங்டனுக்கு இருநூறு கி.மீ.க்குள் தலையை நீட்டலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நேர் எதிர்ப்புறம் இருக்கிற ஊருக்கு எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏறக்குறைய ஒரே தூரம். நூலை உருண்டையில் வைத்தால் அது ஒரு இடத்தில் நிற்காமல் எல்லாப் பக்கமும் வழுக்கும். ஆரஞ்சுப் பழத்தில் செய்து பார்.

2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிவந்த சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு விமானம் 9-ம் தேதி கிளம்பி 11-ம் தேதி வந்தது. பயணம் 17 மணி நேரம்தானாம். 10-ம் தேதி எங்கே போனது?

கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் வட துருவம் வழியாக வந்த ஏர் இந்தியா விமானம் அது. 9-ம் தேதி இரவு எட்டரை மணி வாக்கில் கிளம்பியபோது பெங்களூரில் 10-ம் தேதி காலை பத்து மணி ஆகிவிட்டிருந்தது. இரண்டு ஊருக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். பத்தோடு பதினேழு சொச்சத்தைக் கூட்டினால் 11-ம் தேதி அதிகாலை. 10-ம் தேதியை யாரும் திருடவில்லை. கிளம்பும்போதே அதில் பத்து மணி நேரம் கழிந்துவிட்டது, மிச்சத்தை அவர்கள் பனிக்கடல் மேலே செலவழித்தார்கள்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பயண நேரம் என்று சொல்கிறவர்கள் பாதிப் பேர். எப்போதும் முதலில் கிளம்பிய ஊர் கடிகாரத்திலேயே கூட்டி முடியுங்கள், கடைசியில் ஒருமுறை மட்டும் ஊர் மாற்றுங்கள். சிங்கப்பூரில் திங்கள் பகல் 12 மணிக்குக் கிளம்பி 18 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூர் கடிகாரத்தில் செவ்வாய் காலை 6. குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்னால். ஆகவே திங்கள் மாலை 5. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் வித்தியாசம் 12 ஆகிவிடும். இந்த ஒரு மணி நேரத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

இத்தனை பேசுகிற நான் என் மைத்துனரை அழைத்துவர ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய் நின்றேன். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘+1’, அதாவது மறுநாள், என்று போட்டிருந்ததை மூக்குக்கண்ணாடி இல்லாமல் படித்ததன் பலன். வீட்டில் இன்றைக்கும் என் பெயர் ‘பிளஸ் ஒன்’.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது சமோவா. 2011 டிசம்பர் 30-ஐ காலண்டரிலிருந்தே எடுத்துவிட்டு அந்த நாடு தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியது. பக்கத்திலிருக்கும் அமெரிக்கன் சமோவா பழைய பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சின்ன விமானத்தில் அரை மணி நேரப் பயணம், கடிகாரத்தில் 24 மணி நேர வித்தியாசம். சனிக்கிழமை காலை கிளம்பி வெள்ளிக்கிழமை காலை இறங்கலாம்.

ஐரோப்பா–ஜப்பான் விமானங்கள் முன்பைவிட நேரம் எடுக்கின்றனவே. விமானங்கள் மெதுவாகிவிட்டனவா?

விமானம் மெதுவாகவில்லை. கீழே இருக்கிற நாடு வழிவிடவில்லை. நூல் போகிற வழியில் ஒரு நாடு கதவைச் சாத்திவிட்டால் நூலால் பிரயோஜனமில்லை.

இது புதிதும் அல்ல. பனிப்போர் காலத்தில் சோவியத் யூனியன் தன் வான்வெளியில் விடாததால், 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ். கோபன்ஹேகனிலிருந்து வட துருவப் பகுதி வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜ் போய், அங்கே எரிபொருள் ஏற்றிக்கொண்டு டோக்கியோ போக ஆரம்பித்தது. பின்னால் மற்றவர்களும் அதே வழி. என் தலைமுறைக்கு ஆங்கரேஜ் ஒரு நடுராத்திரிச் சந்தி. எந்தக் கம்பெனித் திட்டத்தை எடுத்தாலும் நடுவில் அந்தப் பெயர் இருக்கும். 1983-ல் பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்னேர் ஹெல்சிங்கியிலிருந்து துருவத்தைச் சுற்றி நிற்காமலேயே டோக்கியோ போனது, சுமார் 13 மணி நேரம். பிறகு சைபீரிய வழி திறந்தது. அதே ஹெல்சிங்கி–டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்துக்குச் சுருங்கியது, தூரம் சுமார் 7,800 கி.மீ.தான். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் குறுக்குவழி நாங்கள்தான் என்று அந்த விமான நிலையமே அதை நம்பி வளர்ந்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. மார்ச்சில் ஃபின்னேர் மறுபடி துருவத்துக்கு மேலே போக ஆரம்பித்தது. மறுபடி சுமார் 13 மணி நேரம். நாற்பது வருட இயந்திர முன்னேற்றத்தை ஒரு அரசாணை தின்றுவிட்டது. ஹெல்சிங்கி டிஸ்பாட்ச் அறையில் யாராவது பழைய கோப்புகளைத் தேடிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டே இன்ஜினை நம்பிக் கடல் மேலே எவ்வளவு தூரம் போகலாம்?

தூரம் இல்லை, நிமிடக் கணக்கு. ஒரு இன்ஜின் நின்றால் மற்றதை வைத்து ஒரு விமான நிலையத்துக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர முடியும் என்பதே விதி. 1953-ல் அமெரிக்காவில் அது 60 நிமிடம். 1985-ல் போயிங் 767-க்கு 120 ஆனது. இன்று ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. அன்று 60 நிமிட வட்டங்களை வரைபடத்தில் காம்பஸால் போட்டால் கடல் நடுவே பெரிய ஓட்டை தெரியும், அந்த ஓட்டையைச் சுற்றித்தான் வழி. 370 நிமிட வட்டம் போட்டால் ஓட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

இடையில் நிற்காமல் பயணிகள் மிக நீண்ட நேரம் பறந்தது இந்தப் பதினெட்டு, பத்தொன்பது மணி நேரம்தானா?

2019-ல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சோதனையாக லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரே மூச்சில் பறந்தது 19 மணி 19 நிமிடம். 1947-ல் அதே கம்பெனி சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போக டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஆறு இடத்தில் நின்று நான்கு நாள் எடுத்துக்கொண்டது.

ஆனால் நேரத்தைக் கேட்டால் பதில் வேறு, அதுவும் இலங்கைக் கரையிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமான விமான வழி அறுந்துபோனது. 1943-ல் இலங்கையின் கொக்கலை ஏரிக்கும் பெர்த் நகரின் ஆற்றுக்கும் நடுவே கேட்டலினா என்ற மிதவை விமானங்களை ஓட்டினார்கள். சுமார் 5,600 கி.மீ. இன்றைய ஜெட்டுக்கு ஏழு மணி நேர வேலை. அவர்களுக்கு 27 மணி நேரத்திலிருந்து 32 மணி நேரத்துக்கும் மேல். பதிவான மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம்.

எரிபொருளே எடையைத் தின்றுவிட்டதால் மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான் ஏற்ற முடிந்தது. எதிரிக்குக் கேட்டுவிடும் என்று ரேடியோவில் வாயைத் திறக்கக் கூடாது. வழி கண்டுபிடிக்க நட்சத்திரங்கள் மட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லக் கடல் நடுவே ஒருவருமில்லை. என் கையில் தேதி தப்பிய ஒரு வரைபடமாவது இருந்தது, அவர்களிடம் அதுவும் இல்லை. வழியிலேயே இரண்டு முறை சூரியன் உதித்துவிடும் என்பதால் இரட்டைச் சூரியோதயச் சேவை என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு, இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கத்தின் உறுப்பினர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு யாரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.